நான் படிக்காத கடிதம்

"அக்கா, உங்க பொண்ணு அமெரிக்கா காலேஜுக்கு எழுதிப் போட்டப்போ, சிபாரிசுக்கு யாரைப் பிடிச்சீங்க?"

போன வாரம் வாசலில் நின்று முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக் கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் தெருவைத் தாண்டி வந்து காதோடு காதாகக் கேட்ட கேள்வி இது. அவளுடைய மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். வெளிநாட்டுக் கல்லூரிக்கு முயற்சி செய்யப் போகிறானாம். "எங்க வீட்டுக்காரரோட ஒன்றுவிட்ட அண்ணனுக்கு ஒரு எம்.எல்.ஏ.வைத் தெரியும். லெட்டர் ஹெட்லயே வாங்கித் தரேங்கிறார். அது போதுமா, இல்லே மந்திரி வரைக்கும் போகணுமா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மறு நிமிஷமே வெட்கமும் வந்தது. 2022-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். சகோதரிகளே, அந்த வருஷம் நான் பண்ணின அசட்டுத்தனங்களை ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படும்.

நம் பக்கத்தில் கல்லூரியில் இடம் என்றால் மார்க்குதான். இன்ஜினீயரிங்குக்கு இருந்த நுழைவுத் தேர்வும் 2007-இல் போய் விட்டது. பிளஸ் டூவில் கணக்குக்கு நூறு, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது, ஆக இருநூறுக்கு எவ்வளவு என்று பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். பள்ளிக்கூடம் நம் பிள்ளையைப் பற்றி எழுதித் தருவது நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான். அதிலும் வாசகம் அச்சடித்தது. பெயரை மட்டும் நிரப்புவார்கள். ஆகவே 'சிபாரிசு' என்றதும் நம் மனசில் டீச்சர் வருவதில்லை. பெரிய மனுஷர்தான் வருகிறார்.

என் மகள் லாப்டாப்பைத் திறந்து காட்டினாள். காமன் அப்ளிகேஷன் என்று ஒரு பொது விண்ணப்பம். 1975-இல் பதினைந்தே கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்ததாம். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. ஒரே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம். அவற்றில் பெரிய பெயரெடுத்த கல்லூரிகள் பலவும் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்களிடமிருந்து கடிதம் கேட்கின்றன. பள்ளிக்கூடத்தின் சார்பில் கவுன்சிலரும் ஒன்று எழுத வேண்டும்.

"கவுன்சிலரா? நம்ம வார்டு கவுன்சிலர் எனக்குத் தெரிஞ்சவர்தானே!" என்றார் என் வீட்டுக்காரர்.

மகள் தலையில் அடித்துக் கொண்டாள். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல என்றே ஒருவர் இருப்பார், அவர்தான் கவுன்சிலர். அப்படி ஒருவர் இல்லாத நம் ஊர்ப் பள்ளிகளில் அந்த வேலை தலைமை ஆசிரியையின் தலையில் விழுகிறது. மார்க் பட்டியலையும் பள்ளியைப் பற்றிய விவரத்தையும் அவர்தான் அனுப்ப வேண்டும்.

கவுன்சிலர் போகட்டும் என்று அடுத்த ஆளுக்குத் தாவினோம். என் பெரிய மாமனார் உத்தியோகத்தில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்றவர். "அவர்கிட்டே ஒரு வார்த்தை சொன்னா அழகா எழுதிக் கொடுப்பாரே" என்றேன்.

"அம்மா, நான் சயன்ஸ் குரூப்பா காமர்ஸ் குரூப்பான்னுகூடத் தாத்தாவுக்குத் தெரியாது. என்னைப் பத்தி அவர் என்னன்னு எழுதுவார்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்லூரிகளும் அதையேதான் சொல்கின்றன. கடைசி இரண்டு வருஷத்தில் முக்கியமான பாடம் ஏதாவது எடுத்தவர் எழுத வேண்டும். எம்.ஐ.டி. மாதிரி சில இடங்களில் கணக்கு அல்லது விஞ்ஞான டீச்சர் ஒருவர், மொழி அல்லது சரித்திரம் போன்ற பாடத்து டீச்சர் ஒருவர் என்று வகை பிரித்தே கேட்கிறார்கள்.

சரி, டீச்சர் என்றால் கணக்கு டீச்சர்தான் என்று நான் முடிவே கட்டி விட்டேன். கணக்கில் அவள் எப்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனதில்லை. அவளோ பிசிக்ஸ் மிஸ்ஸைக் கேட்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

காரணம் சொல்கிறேன். அதற்கு முந்தின வருஷம் கொரோனாவால் வீட்டிலேயே படிப்பு. 2021 செப்டம்பரில்தான் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை பள்ளியைத் திறந்தார்கள். பிளஸ் ஒன்னில் முதல் முறையாக வகுப்பில் உட்கார்ந்து எழுதிய பிசிக்ஸ் பரீட்சையில் என் மகள் வாங்கியது எழுபதுக்குப் பத்தொன்பது. பெயில். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டபோது நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. சொந்தக்காரர் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. என் மாமியாருக்குக்கூடத் தெரியாது. அந்தப் பத்தொன்பதைத் திருத்திப் போட்ட மனுஷியிடமே போய் இவள் கடிதம் கேட்பதா?

"கணக்கு சாருக்கு என் பேர் தெரியும்மா. என் நோட்டுத் தெரியும். பிசிக்ஸ் மிஸ்ஸுக்குத்தான் என்னைத் தெரியும்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு சங்கதி தெரிய வந்தது. பெயிலானதற்கு அப்புறம் மாதக் கணக்கில், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் டப்பாவை எடுத்துக் கொண்டு ஸ்டாப் ரூம் வாசலில் போய் நிற்பாளாம். மிஸ் ஒரு கையால் சாப்பிட்டுக் கொண்டே, எங்கே புரியவில்லை என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிற்பாடு தன்னைப் போலவே திணறிய மூன்று பெண்களையும் இவள் சேர்த்துக் கொண்டிருக்கிறாள். முழுப் பரீட்சையில் ஐம்பத்தெட்டு வந்தபோது நான் ட்யூஷன்தான் காரணம் என்று நினைத்து ட்யூஷன் மாஸ்டருக்கு நன்றி சொன்னேன்! என் பெண்ணின் வாழ்க்கையில் இத்தனை நடந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் என் புத்தி போகுமா? ஒரு சனிக்கிழமை ஸ்வீட் பாக்ஸும் ஒரு நல்ல புடவையும் வாங்கிக் கொண்டு மிஸ் வீட்டுக்குப் போனேன். மிஸ் காபி கொடுத்தார். புடவைப் பையை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இதை இப்ப வாங்கிக்கிட்டா, அப்புறம் நான் நல்லதா நாலு வார்த்தை எழுதினாலும் அதுக்கு என்ன மரியாதை? உங்க பொண்ணு வந்து கேட்டா, நான் எழுதறேன்னு சொல்லிட்டேன். நீங்க வந்திருக்கவே வேண்டாம்" என்றார்.

முகம் சிவந்து போய் பையோடு திரும்பினேன். கேட்க வேண்டியது பிள்ளைதான், நாமில்லை என்று அன்றைக்கு ஒரு பாடம்.

இரண்டாவது பாடம் இங்கிலீஷ் டீச்சரிடம். அவர் நல்லவர். ஆனால் ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றிலும் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், தினமும் கட்டுக் கட்டாகத் திருத்தும் வேலை. "நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, நான் பார்த்து அனுப்பிடறேன்" என்று மகளிடம் சொல்லி விட்டார். நம் ஊரில் இது சர்வ சாதாரணம். ரொம்பப் பேர் வீட்டில் கடிதம் இப்படித்தான் தயாராகிறது.

மகள் குழப்பத்தோடு வந்தாள். நான், "கவலைப்படாதே, அம்மா எழுதறேன்" என்றேன். இரவு பதினோரு மணிக்கு, சமையற்கட்டை ஒழித்துப் போட்டு விட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டி ஒன்றரைப் பக்கம். கடும் உழைப்பாளி, பணிவானவள், நேரந் தவறாதவள், தலைமைப் பண்பு உள்ளவள், எல்லோரோடும் இனிமையாகப் பழகுபவள்... காலையில் பெருமையோடு நீட்டினேன்.

அவள் நின்றபடியே படித்தாள். முகம் வாடியது. "நல்லா இருக்கும்மா. ஆனா, இதிலே நான் எங்கேம்மா இருக்கேன்?" என்றாள்.

வாங்கித் திரும்பப் படித்தேன். எதிர் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். நன்னடத்தைச் சான்றிதழையே ஒன்றரைப் பக்கத்துக்கு இழுத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் அதில் இருந்தது. டீச்சர் சொல்வதாக அம்மா எழுதுவது பொய்தானே? விண்ணப்பத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று பிள்ளை உறுதி சொல்லித்தான் அனுப்புகிறது. பொய் தெரிய வந்தால், கொடுத்த இடத்தையே கல்லூரி திரும்ப வாங்கிக் கொள்ளலாம். பதினேழு வயசில் வீட்டை விட்டுப் போகப் போகிற பெண்ணுக்கு முதல் சீதனமாக இந்தப் பொய்யைக் கொடுக்க இருந்தேனே என்று நெஞ்சு குறுகுறுத்தது. கடிதத்தைக் கிழித்து அடுப்படிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

பிறகு மகளே ஒரு வழி கண்டுபிடித்தாள். டீச்சருக்குக் குறைச்சல் நேரம்தானே, மனசில்லையே! ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினாள். எந்தக் கட்டுரையை மூன்று தடவை திருத்தி எழுதினாள், பள்ளி நாடகத்தில் வசனம் மறந்து போனபோது என்ன செய்தாள், டீச்சர் சொன்ன எந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்தாள், மேலே என்ன படிக்க ஆசைப்படுகிறாள், கடைசித் தேதி எது, இவ்வளவுதான். 'கெட்டிக்காரி', 'நல்லவள்' என்று ஒரு வார்த்தை கிடையாது. "மிஸ், இது உங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான். என்ன எழுதறதுங்கறது உங்க இஷ்டம்" என்று கொடுத்து விட்டு வந்தாள். டீச்சர் அதைப் படித்து, "அட, அந்த நாடகத்தை மறந்தே போனேனே!" என்று சிரித்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதி விட்டார்.

பிசிக்ஸ் மிஸ்ஸுக்கு வேறொரு தயக்கம். "எனக்குப் பாடம் எழுத வரும். ஒரு ஆளைப் பத்தி இங்கிலீஷ்ல அலங்காரமா எழுத வராதே" என்றார். டீச்சரின் இங்கிலீஷுக்கு அங்கே யாரும் மார்க் போடுவதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, பார்த்ததைச் சொன்னால் போதும். இங்கிலீஷில் எழுதவே முடியாதவர் தம் மொழியில் எழுதிக் கொடுத்தால், பள்ளியில் உள்ள இங்கிலீஷ் ஆசிரியர் போன்ற ஒருவர் மொழிபெயர்த்துச் சேர்த்து அனுப்பப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. வீட்டு மனுஷர் மட்டும் அந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

அடுத்து வந்ததுதான் எனக்குப் பெரிய சோதனை. ஆசிரியரின் பெயரைப் பதிவதற்கு முன்னால் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. அமெரிக்காவில் 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவர் தம்மைப் பற்றிய பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம். சிபாரிசுக் கடிதத்தைப் பொறுத்த மட்டில் அந்த உரிமையை விட்டுக் கொடுக்கிறாயா என்று கேட்கிறார்கள். விட்டுக் கொடுத்தால், ஆசிரியர் மனசில் பட்டதைத் தாராளமாக எழுதியிருப்பார் என்று கல்லூரிக்கு நம்பிக்கை வரும்.

மகள் விட்டுக் கொடுக்கிறேன் என்று குறிக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன். "என்ன எழுதியிருக்காங்கன்னு பார்க்காம எப்படிடி அனுப்பறது? அந்தப் பத்தொன்பதை எழுதிட்டா?"

"எழுதட்டும்மா" என்றாள். குறித்து விட்டாள்.

மூன்று வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தாலும் அந்த ஒரு வார்த்தை எனக்கு மெய் சிலிர்க்க வைக்கிறது. நான் ஊரெல்லாம் மறைத்து வைத்திருந்ததை அவள் மறைக்க வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. அந்த வருஷம் ஆசிரியருக்குப் போன படிவத்தில் பிள்ளையின் அறிவு, எழுத்துத் திறமை, நாணயம், பிறரிடம் காட்டும் அக்கறை என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று, தோல்வியும் பின்னடைவும் வந்தால் எப்படி எடுத்துக் கொள்கிறார் என்பது. எப்போதும் தொண்ணூற்றைந்து வாங்கியதைப் பார்த்தவர் அதற்கு என்ன பதில் எழுதுவார்?

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதன் பூர்வீகம் அவ்வளவு நல்லதில்லை. 1920-களில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக் கழகங்கள் சில, யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே மார்க்கை விட்டு 'குணம்' பார்க்க ஆரம்பித்து, கடிதமும் கேட்டன. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக் கழகமான யூ.சி. இன்றைக்கும் பொதுவாக விண்ணப்பத்தோடு கடிதம் கேட்பதில்லை. பெரிய வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற, வாயே திறக்காத பிள்ளையை எந்த டீச்சர் கவனித்திருப்பார் என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆகவே கேட்கும் கல்லூரி எது, எத்தனை கடிதம், யாரிடமிருந்து என்பதை முதலில் அந்தந்தக் கல்லூரியின் குறிப்பில் பார்த்து விடுங்கள். கேட்காத இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்ன மற்ற விஷயங்களையும் சொல்லி விடுகிறேன். நேரம் ரொம்ப முக்கியம். முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசித் தேதி. மற்றவர்களுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. அங்கே பிள்ளைகள் பதினோராம் வகுப்பு முடிவதற்குள்ளேயே டீச்சரைக் கேட்டு வைத்து விடுகிறார்கள். நாமும் குறைந்தது ஒரு மாதம் முந்தியாவது கேட்க வேண்டும். கேட்கும்போது, "என்னைப் பத்தி எழுதற அளவுக்கு என்னைத் தெரியும்னு நினைக்கிறீங்களா மிஸ்?" என்று கேட்கச் சொல்லுங்கள். டீச்சர் இழுத்தால் வற்புறுத்த வேண்டாம். அரை மனசோடு எழுதின கடிதத்தைவிட, "முடியாதும்மா" என்று சொல்லி விடுவது உபகாரம்.

கடிதத்தைப் பிள்ளை கையில் வாங்கி அனுப்புவதில்லை. டீச்சரின் மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் கொடுத்தால் அவருக்கே நேராக ஓர் அழைப்புப் போகும். அதைத் திறந்து அவரே அனுப்புவார். பள்ளி கொடுத்த முகவரி இருந்தால் அதையே கொடுப்பது நல்லது. எங்களுக்கு அங்கேதான் ஒரு கண்டம். அக்டோபர் இருபதாம் தேதி ஆகியும் பிசிக்ஸ் மிஸ்ஸிடமிருந்து ஒன்றும் போகவில்லை. நான் மனசுக்குள் அவரைக் கரித்துக் கொட்டினேன். மகள் தன்மையாகப் போய், "மிஸ், மெயில் வந்துதா?" என்று கேட்டாள். வரவே இல்லை என்றார். தேடினால், வேண்டாத மெயில்கள் ஒதுங்கும் ஸ்பாம் பெட்டியில் லாட்டரி விளம்பரங்களோடு சேர்ந்து கிடந்தது! அழைப்பு அனுப்பிய அன்றைக்கே வந்ததா என்று கேட்டு விடுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தடவை நினைவூட்டுங்கள். டீச்சர் கடிதம் இரண்டொரு நாள் பிந்தினால் பல கல்லூரிகள் பொறுத்துக் கொள்வதுண்டு. அதை நம்பி இருந்து விடக் கூடாது.

முடிந்ததும் நன்றி சொல்ல மறக்காதீர்கள். டீச்சருக்கு இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. என் மகள் இரண்டு பேருக்கும் கைப்பட ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தாள். இடம் கிடைத்ததா இல்லையா என்று முதலில் அவர்களிடம்தான் போய்ச் சொன்னாள். நான்கு கல்லூரிகள் 'இல்லை' என்றன. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு நாள் அடுப்பு மூட்டாத குறை. இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்தன. அதில் ஒன்று பெரும் பகுதி உதவிப் பணமும் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் விமானம் ஏறினாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் திருச்சி காந்தி மார்க்கெட்டில் பிசிக்ஸ் மிஸ்ஸைப் பார்த்தேன். கையில் வாழைத்தண்டும் கீரைக்கட்டும். நாலு வார்த்தை பேசிய பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "மிஸ், அந்தக் கடிதத்திலே என்னதான் எழுதினீங்க? அந்தப் பத்தொன்பது மார்க்கைக்கூடவா எழுதினீங்க?"

மிஸ் பையை மறு கைக்கு மாற்றிக் கொண்டு சிரித்தார்.

"அந்தப் பத்தொன்பதை விட்டுட்டு, அவளைப் பத்தி வேற என்னம்மா எழுதறது?"

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் படித்ததில்லை, இனிமேல் படிக்கப் போவதுமில்லை. நான் திட்டித் தீர்த்த ஒன்றை வேறொரு பெண்மணி பொறுமையாக உட்கார்ந்து கவனித்திருக்கிறார், பார்த்ததைச் சாட்சி சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

எதிர் வீட்டுப் பெண்ணிடம், "எம்.எல்.ஏ.வை விடு. உன்னை நல்லாத் தெரிஞ்ச டீச்சர் யாருப்பான்னு பிள்ளையைக் கேட்டுப் பார்" என்று சொல்லி அனுப்பினேன். நேற்று வந்தாள். "தமிழ் ஐயாவாம் அக்கா! ஏன்னு கேட்டேன். அரை மணி சொன்னான். எனக்கு அதிலே பாதி தெரியவே தெரியாது" என்றாள். கண் கலங்கியிருந்தது.

உங்கள் பிள்ளையையும் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போனாலும் சரி, அடுத்த தெருக் கல்லூரிக்குப் போனாலும் சரி.